மாணாக்கரும் சீடரும் – வட்டுக்கோட்டைச் செமினறி மூடப்பட்டமை பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

ஒரு திருச்சபையின் வலிமையை எதனைக்கொண்டு அளப்பது? பதிவேட்டிலுள்ள பெயர்களைக் கொண்டா, அது நடத்தும் பாடசாலைகளையும் மருத்துவமனைகளையும் கொண்டா, அன்றி அதன் போதனையைத் தம் வாழ்க்கை நெறியாக ஏற்றுப் பிறரிடத்தும் கொண்டுசெல்லும் சீடர்களைக் கொண்டா? இவ்வினா அண்மைக்காலக் கிறிஸ்தவ உலகில் மீண்டும் முனைப்புப் பெற்றுள்ளது. நிறுவனங்களைப் பேணுவதிலிருந்து சீடரை உருவாக்கும் பணிக்குத் திருச்சபை திரும்பவேண்டும் என்ற குரல் பல நாடுகளிலும் கேட்கின்றது. ஆயின் இக்குரல் நமக்குப் புதியதன்று. ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்திலே இத்தகைய திருப்பமொன்று திட்டமிட்டு நிகழ்த்தப்பட்டது. 1855ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷன் தனது கொள்கையை மாற்றி, வட்டுக்கோட்டைச் செமினறியை மூடிய நிகழ்ச்சியே அது.

இந்நிகழ்ச்சியைப் பற்றி இருவேறு கருத்துகள் நிலவி வந்துள்ளன. தமிழ் உரைநடையினதும் பதிப்புத் துறையினதும் வரலாற்றை எழுதுவோர், ஒளிமிக்க கல்விக்கூடமொன்றை மதப்பற்று அணைத்துவிட்டதாக வருந்துவர். திருச்சபை வரலாற்றாசிரியரோ, சுதேசத் திருச்சபையின் பிறப்பை அதிற் காண்பர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயின் இரண்டும் முடிவெடுத்தோரின் எண்ணங்களை மாத்திரமே நோக்குகின்றன. அம்முடிவு எந்தச் சமூகத்தின்மீது விழுந்ததோ அச்சமூகத்தின் தேவைகளும் வர்க்க நலன்களும் அதனை எவ்வாறு வளைத்தன என்பதே இக்கட்டுரையின் அக்கறையாகும்.

2

1816இற் கொழும்பிலே வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமார் கிறிஸ்தவம் அறியாத நாடொன்றுக்கு வரவில்லை. போர்த்துக்கேயரின் கத்தோலிக்கமும் ஒல்லாந்தரின் சீர்திருத்தத் திருச்சபையும் கரையோர மாகாணங்களில் அதற்கு முன்னரே வேர்கொண்டிருந்தன. கொட்டாஞ்சேனைக்கு அண்மையிலே, மேட்டுநிலத்தில் இன்றும் நிமிர்ந்து நிற்கும் வுல்வெண்டால் தேவாலயம் 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சியில் திருச்சபை அரசின் ஓர் உறுப்பாகவே இயங்கியது. கிராமப் பாடசாலை ஆசிரியரே ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் பள்ளித் தோம்பில் பதிந்தார். உத்தியோகம் பெறுவதற்கும், விவாகம் சட்டபூர்வமாவதற்கும், முதுசொத்து உரிமை தடையின்றிக் கைமாறுவதற்கும் அப்பதிவு இன்றியமையாததாயிற்று. ஆகவே மக்கள் பதிந்தனர்.

பதிவேட்டிற் பெயர் எழுதுவித்தவன் தன் குலதெய்வத்தைக் கைவிட்டான் என்பது இதன் பொருளன்று. இன்றுள்ள நல்லூர்க் கந்தசுவாமி கோயில் ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்திலேயே, அவர்களுடைய கச்சேரியிற் கடமையாற்றிய முதலியார் ஒருவரின் முயற்சியால் எழுந்தது என்பது இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. 1796இல் ஆங்கிலேயர் கரையோர மாகாணங்களைக் கைப்பற்றிய பின்னர் அரச நிர்ப்பந்தம் தளர்ந்தது. தளரவே பதிவேட்டுக் கிறிஸ்தவம் பெருமளவிற் கரைந்துபோயிற்று. எண்ணிக்கையை மெய்யென நம்பிய திருச்சபை, தன்னிடம் சீடர் இருக்கவில்லை என்பதை அரசு கைவிட்டபோதே உணர்ந்தது.

இவ்வனுபவம் பின்வந்த புரட்டஸ்தாந்து மிஷன்களை ஆழமாகப் பாதித்தது. மதமாற்றம் உள்ளத்தில் நிகழவேண்டும், வேதத்தை ஒவ்வொருவரும் தாமே வாசித்துணரவேண்டும் என்ற புதிய இங்கிலாந்துச் சமயமரபில் ஊறியிருந்தவர்கள் அமெரிக்கர். வாசிக்கத் தெரியாத சீடனை அவர்களாற் கற்பனை செய்ய முடியவில்லை. எனவே அவர்களுடைய பணி பாடசாலையோடு தொடங்கியது. சீடனைக் குறிக்கும் கிரேக்க மூலச் சொல்லின் நேர்ப்பொருளும் கற்பவன் என்பதே. மாணாக்கனும் சீடனும் ஒருவனே என்ற நம்பிக்கையே வட்டுக்கோட்டைச் செமினறியின் அத்திவாரம் எனலாம்.

3

1810இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் உருவான அமெரிக்க மிஷன் சங்கம் அனுப்பியவர்கள் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பழைய தேவாலயங்களையும் குருமனைகளையும் திருத்தியமைத்துக் குடியேறினர். கிராமப் பாடசாலைகளைத் தொடர்ந்து விடுதிப் பாடசாலைகள் தோன்றின. 1823இல் உயர்கல்விக்கென வட்டுக்கோட்டையில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதனைப் பெரியதோர் கல்லூரியாக்குவதே மிஷனரிமாரின் திட்டமாக இருந்தபோதிலும், தேசாதிபதி பாண்ஸ் அமெரிக்கர் தொகை பெருகுவதை விரும்பவில்லை. அந்தத் தடை 1833 வரை நீடித்தது. கல்லூரி என்ற பெயருக்குப் பதிலாகச் செமினறி என்ற பெயர் நிலைத்தது. 1824இல் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கிற்று.

டானியல் பூவரின் தலைமையிலும், பின்னர் ஹொய்சிங்டனின் தலைமையிலும் செமினறியிற் போதிக்கப்பட்டவை விரிந்த பரப்பின. தமிழ் இலக்கணமும் இலக்கியமும், ஆங்கிலமும், வடமொழியும், கணிதமும், வானசாத்திரமும், இயற்கைத் தத்துவமும், வேதாகமமும் அங்கே ஒருங்கே பயிலப்பட்டன. 1850இல் வெளிவந்த தமது நூலில் எமர்சன் ரெனன்ற் இக்கல்விக்கூடத்தை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டுப் பாராட்டினார். ஹொய்சிங்டன் சைவ சித்தாந்தத்தை மறுப்பதற்காகக் கற்கப்புகுந்து, சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் தத்துவக் கட்டளையையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854இல் வெளியிட்டார். போதிக்க வந்தவரே மாணாக்கராகிய இந்த விந்தை, செமினறியின் அறிவுச் சூழலை நன்கு புலப்படுத்துகின்றது. 1841 ஜனவரியில் தொடங்கிய ‘உதயதாரகை’யின் ஆசிரியர்களான ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் இங்கு பயின்ற தமிழரே. சி. வை. தாமோதரம்பிள்ளையும், கறோல் விசுவநாதபிள்ளையும், பாவலர் சரித்திர தீபகம் எழுதிய ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளையும் இங்கிருந்து வந்தவர்கள்.

மேற்குறித்த பெயர்களிலேயே அந்நிறுவனத்தின் பொருளாதாரம் பொறிக்கப்பட்டுள்ளது. ஒரு மாணவனின் உணவுக்கும் கல்விக்குமான செலவை அமெரிக்காவிலுள்ள கொடையாளர் ஒருவர் ஏற்பார். அவர் குறிக்கும் பெயரை மாணவன் சூடுவான். கறோல், ஆர்னோல்ட், நெவின்ஸ், எவாட்ஸ் என்ற முன்னொட்டுகள் யாழ்ப்பாணத் தமிழறிஞரின் பெயர்களில் இடம்பெற்றமை இவ்வாறே. அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்த சபையோரின் காணிக்கையிற் செமினறி தங்கியிருந்தது. 1837இல் அமெரிக்காவில் வங்கிகள் சரிந்தபோது, யாழ்ப்பாணத்திலே கிராமப் பாடசாலைகள் பலவற்றின் கதவுகள் மூடப்பட்டன. முதலாளித்துவ உலகின் ஒரு முனையில் ஏற்பட்ட நெருக்கடி, மறுமுனையிலிருந்த பனையோலைக் கொட்டிற் பாடசாலையைத் தாக்கியது.

மறுபுறத்தில், மாணவரை அனுப்பிய சமூகம் எது? செமினறிக்கு வந்தோரிற் பெரும்பான்மையினர் நிலவுடைமையும் சாதியுயர்வும் வாய்ந்த வேளாளக் குடும்பத்தினர். தொடக்கத்தில் அவர்கள் மிஷன் வளவினுள் சமைத்த உணவை உண்ண மறுத்தமையால், சமையலுக்கு வெளியிடம் தேடவேண்டியதாயிற்று. சாதியை நீக்கவேண்டும் என்பது மிஷனரிமாரின் கொள்கை; சாதியுடையோரை இழக்கலாகாது என்பது அவர்களின் நடைமுறை. அக்குடும்பங்கள் எதற்காகப் பிள்ளைகளை அனுப்பின என்பதற்கான விடை செமினறிக்கு வெளியே இருந்தது. 1833ஆம் ஆண்டின் கோல்புறூக் – கமறன் சீர்திருத்தங்கள் ஆங்கிலம் கற்ற சுதேசிகளுக்கு அரச சேவையின் வாயிலைத் திறந்தன. அதே காலப்பகுதியில் மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகி, கணக்கெழுதவும் நிலமளக்கவும் கடிதம் வரையவும் தெரிந்தோருக்கான தேவையைத் தோற்றுவித்தன. வரண்ட குடாநாட்டில் நிலம் துண்டு துண்டாகிக் கொண்டிருந்த வேளையில், ஆங்கிலம் புதிய முதுசொத்தாயிற்று. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு செய்த வேலையை இப்போது ஆங்கில இலக்கணம் செய்யத் தொடங்கியது.

திருச்சபை போதகரையும் உபதேசியாரையும் எதிர்பார்த்தது; சமூகம் லிகிதரையும் நில அளவையாளரையும் எதிர்பார்த்தது. ஒரே வகுப்பறையில் இவ்விரு எதிர்பார்ப்புகளும் அருகருகே அமர்ந்திருந்தன. காலப்போக்கில், திருச்சபையிற் சேராமலே கற்றுச் செல்வோர் தொகை அதிகரித்தது. சேர்ந்தவருள்ளும் பலர் கிராமச் சபையால் வழங்கக்கூடிய சிறுவேதனத்தை ஏற்க ஒருப்படவில்லை. மாணாக்கனும் சீடனும் பிரிந்துவிட்டனர்.

4

இப்பிளவை உணர்ந்து அதற்குப் பரிகாரம் தேடியவர் அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன். தம்மைத்தாமே ஆளுதல், தம்மைத்தாமே தாங்குதல், தம்மைத்தாமே பரப்புதல் என்ற மூன்று இயல்புகளும் உடைய சுதேசத் திருச்சபையை உருவாக்குவதே மிஷன்களின் இலக்கு என அவர் வற்புறுத்தினார். இங்கிலாந்தில் ஹென்றி வென் என்பாரும் இதே முடிவுக்கு வந்திருந்தார். மேலைநாகரிகத்தைப் பரப்புவது மிஷனரியின் வேலையன்று. சீடரைத் திரட்டி, அவர்களிலிருந்தே போதகரை எழுப்பி, பொறுப்பை ஒப்படைத்துவிட்டு விலகுவதே அவன் வேலை என்பது அண்டர்சனின் வாதம். வெள்ளையரின் நாகரிக மேன்மை ஐயத்துக்கு அப்பாற்பட்டதெனக் கருதப்பட்ட காலத்தில் இத்தகைய கருத்து எழுந்தமை சாதாரணமானதன்று. மக்கோலேயின் 1835ஆம் ஆண்டுக் குறிப்பும், கல்கத்தாவில் அலெக்சாந்தர் டவ் 1830இலிருந்து நடத்திய ஆங்கிலக் கல்வி முயற்சியும் காட்டிய வழிக்கு நேரெதிரான வழியை அவர் தெரிந்தெடுத்தார்.

அண்டர்சனும் ஒகஸ்டஸ் தொம்சனும் அடங்கிய தூதுக்குழு 1854–1855இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது. யாழ்ப்பாணத்தில் மிஷனரிமாரோடு நடைபெற்ற ஆலோசனைகளின் முடிவில், செமினறி மூடப்படுவதென்றும், கல்வி தாய்மொழியில் அமைவதென்றும், கிராமந்தோறும் சிறு சபைகளை நிறுவித் தமிழ்ப் போதகரை நியமிப்பதென்றும் தீர்மானிக்கப்பட்டது. 1855இற் செமினறி மூடப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேதான், 1854இல், சாள்ஸ் வூட்டின் கல்வி அறிக்கை இந்தியாவிலே தனியார் பாடசாலைகளுக்கு அரச நன்கொடை வழங்க வழிவகுத்திருந்தது. ஏனைய மிஷன்கள் உயர்கல்வியை நோக்கி விரைந்த வேளையில் அமெரிக்கர் அதனின்று விலகினர். இம்மாற்றம் அமெரிக்காவிலேயே வாதப்பிரதிவாதங்களைக் கிளப்பியதனால், 1856இல் ஓல்பனி நகரில் அச்சங்கம் சிறப்புக் கூட்டமொன்றைக் கூட்டி அதனை ஆராயவேண்டியிருந்தது.

அண்டர்சனின் நோய்க்கணிப்பு பெருமளவுக்குச் சரியானதே. அந்நியப் பணத்தில் அந்நியர் நடத்தும் சபை மக்களின் சபையாகாது என்பதையும், ஆளும் மொழியிற் பெறும் கல்வி கிராமத்திலிருந்து மாணவனைப் பெயர்த்துவிடும் என்பதையும் அவர் தெளிவாகக் கண்டார். பின்னாளிற் குடியேற்றக் கல்வியைக் கண்டித்த தேசியவாதிகள் கூறியவற்றுள் ஒரு பகுதியை அவர் முன்கூட்டியே கூறிவிட்டார் எனலாம்.

எனினும் அவர் தந்த மருந்தில் இரு முரண்பாடுகள் இருந்தன. முதலாவது, தாய்மொழிக் கல்வியை அவர் உயர்கல்வியிலிருந்து பிரித்துவிட்டார். ஆங்கிலம் வேண்டாம் என்ற முடிவோடு வானசாத்திரமும் கணிதமும் சேர்ந்தே விலகின. தமிழுக்குக் கிடைத்தது முதன்மை, அறிவுத்துறைகளோ கிடைக்கவில்லை. கிராமப் போதகனுக்குப் போதுமானது என மேலிருந்து வரையறுக்கப்பட்ட அறிவே தமிழின் எல்லையாயிற்று. இரண்டாவது முரண்பாடு இதனினும் ஆழமானது. தன்னாட்சியுடைய திருச்சபையை அமைப்பதென்ற தீர்மானத்தை எடுத்தவர்கள், அத்திருச்சபையின் உறுப்பினர் அல்லர். கடல்கடந்து வந்த தூதுக்குழுவும் மிஷனரிமாரும் கூடி, தமிழ்க் கிறிஸ்தவர் இனித் தம்மைத்தாமே ஆளவேண்டும் என்று முடிவுசெய்தனர். சுயாதீனம் கட்டளையாக வந்தது.

5

1855இன் பின்னர் நிகழ்ந்தவற்றை நான்கு முனைகளில் நோக்கலாம்.

முதலாவதாக, எதிர்பார்த்தவாறே தமிழர் குருப்பட்டம் பெற்றுக் கிராமச் சபைகளின் பொறுப்பை ஏற்றனர். இது சிறிய சாதனையன்று. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதன் யாழ்ப்பாண ஆதீனத்துக்குச் சபாபதி குலேந்திரன் என்ற தமிழரே முதற் பேராயராக அமர்ந்தார் என்பது இவ்வளர்ச்சியின் தொடர்ச்சியாகும். ஆயின் கிராமச் சபை கிராமத்தின் சாதியமைப்புக்கு வெளியே நிற்கவில்லை. சிறு சபைகளாகப் பிரிந்தமையினால் மட்டும் நிலவுடைமை உறவுகள் தளர்ந்துவிடவில்லை.

இரண்டாவதாக, சீடரை உருவாக்கும் கலையில் வல்லவராக விளங்கியவர் திருச்சபைக்கு வெளியே இருந்தார். வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவலிடம் கற்று, பின்னர் அவரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப் பிரசங்கங்களைத் தொடங்கினார். 1848இற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அச்சு, பிரசங்கம், பாடசாலை, வினாவிடை என மிஷனரிமார் கையாண்ட சாதனங்கள் அனைத்தையும் அவர் கைக்கொண்டார். அந்நியச் சங்கமொன்றின் நிதியை அவர் நம்பவில்லை; வீடுவீடாகப் பிடியரிசி சேர்த்தும், தனவந்தரிடம் பொருள் பெற்றும் தம் பணியை நடத்தினார். தம்மைத்தாமே ஆளுதல், தாங்குதல், பரப்புதல் என்ற அண்டர்சனின் சூத்திரத்துக்கு யாழ்ப்பாணத்தில் முதலிற் கிடைத்த முழுமையான எடுத்துக்காட்டு சைவ மறுமலர்ச்சி இயக்கமே எனின் அது மிகையாகாது. அவ்வியக்கமும் வேளாள மேலாண்மையைக் காத்துநின்றது என்பதை மறத்தலாகாது.

மூன்றாவதாக, அண்டர்சன் பிரித்துவைத்த தாய்மொழியையும் உயர் அறிவையும் மிஷனைச் சேர்ந்த ஒருவரே மீண்டும் இணைத்துக் காட்டினார். 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைப் போதித்தார். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றோர் அரச சேவையை நாடிப் பிறவூர்களுக்குச் செல்வதைக் கண்ட அவர், 1860களிற் போதனை மொழியைத் தமிழாக மாற்றினார். ‘இரணவைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலான நூல்கள் அம்முயற்சியின் பயன்களாகும். கிராமத்திலேயே தங்கிப் பணிசெய்வோரை உருவாக்குவதற்கு அறிவைக் குறைக்கவேண்டியதில்லை, அறிவின் மொழியை மாற்றினாற் போதும் என்பதை அவர் நடைமுறையில் நிறுவினார். 1855ஆம் ஆண்டுத் தீர்மானத்துக்கு இதனைவிடச் சிறந்த விமர்சனம் வேறில்லை.

நான்காவதாக, மூடப்பட்ட கதவை யாழ்ப்பாணத்தார் மீண்டும் திறந்தனர். செமினறியின் பழைய மாணவரும் உள்ளூர்க் கிறிஸ்தவரும் உயர்கல்விக்காகத் தொடர்ந்து குரலெழுப்பியதன் பயனாக, 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. அங்கே ஆங்கிலமும் மீண்டது. தமிழ்க் கிறிஸ்தவர் தம்மைத்தாமே ஆளும் உரிமையை முதன்முதலிற் காத்திரமாகப் பயன்படுத்தியபோது, அவர்களுக்கு அவ்வுரிமையை வழங்கியவரின் தீர்ப்பையே மாற்றினர். இதனை வரலாற்றின் விளையாட்டு என ஒதுக்கிவிட முடியாது. வளர்ந்துவந்த மத்தியதர வர்க்கம் தன் தேவையைத் திருச்சபையின் வாயிலாக நிறைவேற்றிக்கொண்டது. அக்கல்லூரியிலும் அதுபோன்ற ஏனைய கல்லூரிகளிலும் பயின்றோரே பின்னர் கொழும்பின் திணைக்களங்களை நிரப்பினர். 1905இல் யாழ்ப்பாணம் வரை புகையிரதப் பாதை நிறைவெய்தியபின் அப்பெயர்ச்சி மேலும் விரைவுற்றது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளர்ந்த தமிழ்க் குடியிருப்புகளின் வரலாற்றில் வட்டுக்கோட்டை வகுப்பறைக்கும் ஒரு பங்குண்டு.

ஆயினும் அக்கல்லூரி லிகிதரை மாத்திரம் உருவாக்கவில்லை. 1924இல் எழுந்த யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்னர் இளைஞர் காங்கிரஸாக வளர்ந்து, சாதியேற்றத்தாழ்வையும் குடியேற்ற ஆட்சியையும் எதிர்த்து, 1931இற் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. அதன் தலைவர்களுள் முதன்மையானவரான ஹண்டி பேரின்பநாயகம் யாழ்ப்பாணக் கல்லூரியோடு இணைந்தவர். தன்னலம் துறந்து ஒரு கொள்கைக்காக நிற்பவனே சீடன் எனின், அந்த இளைஞர்கள் சீடர்களே. அவர்களை எந்தத் தூதுக்குழுவும் திட்டமிட்டு உருவாக்கவில்லை.

6

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். ஒல்லாந்தர் பதிவேட்டைச் சீடத்துவமென மயங்கினர். செமினறியை நிறுவியோர் கல்வியே சீடத்துவத்துக்கு இட்டுச்செல்லும் என நம்பினர். அண்டர்சன் நிறுவனத்தை அகற்றினாற் சீடத்துவம் தழைக்கும் என எதிர்பார்த்தார். மூவரும் வெவ்வேறு அளவில் ஒரே தவற்றைச் செய்தனர். திருச்சபையை அதனைச் சூழ்ந்த சமூக உற்பத்தி உறவுகளிலிருந்து பிரித்தெடுத்து, தலைமையின் தீர்மானத்தால் வடிவமைக்கக்கூடிய ஒன்றாக அவர்கள் கருதினர். உத்தியோகம் ஒன்றே வாழ்வுக்கு வழியாக இருந்த சமூகத்தில் தோம்பும் ஆங்கிலமும் அவ்வழியின் சாவிகளாக மாறியமை தனிமனிதரின் பக்தியின்மையால் நேர்ந்ததன்று.

இது கிறிஸ்தவருக்கு மாத்திரமுரிய பிரச்சினையுமன்று. 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது முதலாக நம் நாட்டு இடதுசாரி இயக்கமும் இதே வினாவை எதிர்நோக்கி வந்துள்ளது. வாக்குகளின் தொகையையும் தொழிற்சங்க அங்கத்தவர் தொகையையும் கொண்டு தம் பலத்தை மதிப்பிட்ட கட்சிகள், இனவாத அலை எழுந்த நாட்களில் அத்தொகைகள் எவ்வளவு விரைவிற் கரைந்தன என்பதைக் கண்டன. கொள்கையை உள்வாங்கித் தம் சூழலில் அதனைச் சுயமாகப் பிரயோகிக்கும் ஊழியரை உருவாக்குவது அங்கத்துவச் சீட்டு வழங்குவதிலும் கடினமானது. மேலிடத்துத் தீர்மானம் கிளைக்கு அனுப்பப்படுவதனால் மட்டும் அது நிகழ்ந்துவிடாது.

இன்று திருச்சபையைச் சீடராக்கும் பணிக்குத் திருப்ப முனையும் தலைவர்கள், 1855ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைக் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும். நிறுவனத்தை மூடுவதா பேணுவதா என்பது இரண்டாவது வினா. அம்முடிவை எவர் எடுக்கின்றனர், அது எவருடைய பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தொடுகின்றது, அவர்களுக்கு அதிற் குரலுண்டா என்பன அதற்கு முந்திய வினாக்கள். செமினறியின் கதவை அடைத்தவர்கள் யாழ்ப்பாண மக்களிடம் இவற்றைக் கேட்கவில்லை. பதினேழு ஆண்டுகளின் பின்னர் மக்கள் தாமாகவே அவற்றுக்கு விடையளித்தனர். அவ்விடையில் உத்தியோக வேட்கையும் இருந்தது, அறிவு வேட்கையும் இருந்தது. அவ்விரண்டையும் பிரித்தறிந்து, பின்னதை மக்கள் மொழியில், மக்கள் அனைவருக்கும் உரியதாக்க முயன்றவர் மானிப்பாய் வைத்தியர் ஒருவரே. அவர் தொடங்கிய வேலை முற்றுப்பெறவில்லை என்பதே அவ்வாண்டு நமக்கு விட்டுச்சென்ற பிரச்சினையாகும்.